அறுநூற்றுப் பதினோராம் கண்ணி

இரவு பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு
முள்ளெலி அழத் தொடங்கும்.
ஒற்றைச் சப்பாத்தோடு
குளியலறை வாசலில் நின்றபடி
"அப்பிள் சிவப்பு" என்கிறேன்.
சரி என்கிறது, மணி அடிக்கிறது,
சங்கிலியில் இன்னொரு கண்ணி.
பிறகு மற்றச் சப்பாத்து,
பிறகு பேக்கரி, விடியும்வரை.

அறுநூற்றுப் பதினொரு நாளாக அப்பிள் சிவப்பு.
பதினான்காம் பாடத்தின் முடிவில்
ஒரு கதவு இருக்கிறது. திறந்து பார்த்திருக்கிறேன்.
கரண்டி ஆண், முள்ளுக்கரண்டி பெண்,
கத்தி இரண்டுமில்லை.
மேசை ஆண்தான்,
ஆனால் அதன்மேல் எதையாவது வைத்ததும்
அதுவும் உடுப்பு மாற்றிக்கொள்கிறது.
மெல்லச் சாத்திவிட்டு
முதலாம் பாடத்துக்கே வந்துவிட்டேன்.
இது ஒருவருக்கும் தெரியாது.

தமிழிலிருந்து டொச்சுக்கு அந்தச் செயலியில் வழியில்லை.
ஆங்கிலத்தின் தோளில் ஏறி எட்டிப் பார்க்கவேண்டும்.
எனக்கு அந்தத் தோளே உயரம்.

ஐந்து பேராகத் தொடங்கினோம்,
விண்டர்தூரில், டோஸ் தரிப்பிடத்தில்,
முதலாம் இலக்க பஸ் வரும்வரைக்கும்.
துவாரகன் பத்தொன்பதாம் நாள் நின்றான்;
ஏன் என்று கேட்டால் இன்றைக்கும்
"நாளைக்குத் தொடங்கிறன்" என்பான்.
சிவபாலன் புதுத் தொலைபேசி வாங்கினான்,
கடவுச்சொல் மறந்தது, அத்தோடு மொழியும்.
மரியதாஸ் என்னை முந்திக்கொண்டே போனவன்.
ஒரு திங்கட்கிழமை
பட்டியலில் அவன் பெயர் சாம்பல் நிறமானது.
"வென்றேன்" என்று நினைத்தேன்.
ஊரில் அவன் தாய் இறந்த கிழமை அது.
அவனுக்கும் முள்ளெலி
தன் கண்ணீரைத்தான் அனுப்பியிருக்கும்.

குமுதினி விட்டது நாற்பதாம் நாள்.
"கரடி பால் குடிக்குதாம்.
எனக்கு ஒரு கரடியையும் தெரியாது"
என்று விரலை அழுத்திப் பிடித்து அழித்தாள்.
ஒரு மாதம் அவளை நான்
பாதி வழியில் இறங்கிப்போனவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

நேற்று எங்கள் சலவை முறை.
கூடையோடு நிலவறைக்கு இறங்குகையில் சத்தம் கேட்டது.
உலர்த்தியின் வடிகட்டியிலிருந்து உரித்த பஞ்சை
சாம்பல் பூனைக்குட்டி மாதிரி
கழுத்தில் பிடித்துத் தூக்கிக்கொண்டு
திருமதி ஹூர்லிமானுக்கு முன்னால் நிற்கிறாள் குமுதினி.
வினைச்சொல் எங்கேயோ, வாக்கியம் எங்கேயோ.
"நான் இல்லை! செவ்வாய் நீங்கள்! பாருங்கள்! நாய்!"
பஞ்சில் வெள்ளை நாய்மயிர் கிடந்தது.
கிழவி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
பிறகு சிரித்தாள். நீளமாக ஏதோ சொன்னாள்,
என் அறுநூற்றுப் பதினொரு நாளில்
ஒரு சொல்கூட அதில் இல்லை.
"கெல்?" என்று முடித்தாள்.
"கெல்" என்றாள் இவளும்.

படியேறும்போது கேட்டேன், அதென்ன கெல்.
"எங்கட 'என்ன' தானே.
'மழை வரப்போகுது, என்ன?' அந்த என்ன."
"ஆர் சொல்லித் தந்தது?"
"ஆர் தாறது? பத்துத் தரம் சண்டை பிடிச்சால் வரும்."

பதினொன்று ஐம்பத்திரண்டு.
"அப்பிள் சிவப்பு, கெல்?" என்று எழுதினேன்.
தவறு என்றது. சிவப்பாக, அப்பிளைவிடச் சிவப்பாக.
மூன்று நிமிடம் அப்படியே இருந்தேன்.
பிறகு சரியாகவும் எழுதிவிட்டேன்.
அறுக்க மனம் வரவில்லை, பொய் சொல்லி என்ன.

மூன்று மணிக்கு, தட்டுகளை உள்ளே தள்ளும் நேரம்,
ரேட்டோவிடம் "ஹைஸ்" என்றேன்.
சூடு. அது மூன்றாம் பாடத்துச் சொல்.
கொஞ்சம் பொறுத்து, மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு,
"கெல்?"

அவன் திரும்பிப் பார்த்தான்.
நிறையச் சொன்னான், கையை ஆட்டி ஆட்டி.
ஒன்றும் விளங்கவில்லை.
சொல்லி முடியும்வரை
அடுப்புக் கதவை எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றான்.